4096 கேட்டோம், 613 கிடைத்தது: கர்னல் நினைவகம் துண்டுபட்ட ஒரு நிகழ்வின் ஆய்வு

ஒரு சர்வர். 32 ஜிபி நினைவகம், 64 பிட் எக்ஸ்86 செயலி, லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 4.19. வாரம் முழுக்கக் கோப்புச் சேவை. ஞாயிறு காலையில் மட்டும் ஒரு கணக்கீட்டு நிரல் எழுந்து, 2 எம்பி அளவுள்ள ஹியூஜ் பேஜ் (நினைவகத்தின் பெரிய பக்கம்) 4096 கேட்கும். அதாவது 8 ஜிபி. வேலை முடிந்ததும் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

ரீபூட் செய்த வாரத்தில் கேட்டது முழுதாகக் கிடைத்தது. அடுத்த ஞாயிறு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அதற்கடுத்த ஞாயிறு ஆயிரத்து நானூறு சொச்சம். நான்காவது ஞாயிறு 613.

இது நடப்பதே எங்களுக்குப் பல மாதம் தெரியாது. ஹியூஜ் பேஜ் எண்ணிக்கைக்கான கோப்பில் 4096 என்று எழுதினால் கர்னல் அதை ஏற்றுக்கொள்ளும், முடிந்த அளவு சேர்க்கும், அதோடு நின்றுவிடும். பிழை எதுவும் திரும்பி வராது. இந்த ஒதுக்கீடு எச்சரிக்கை வேண்டாம் என்ற கொடியோடு போவதால் கர்னல் பதிவிலும் ஒரு வரி விழாது. எழுதிய எண்ணைத் திரும்பப் படித்தால்தான் உண்மை தெரியும். எங்கள் ஸ்கிரிப்ட் எழுதியது, படிக்கவில்லை. ஹியூஜ் பேஜ் போதாதபோது நிரல் சாதாரண 4 கேபி பக்கங்களுக்கு இறங்கிவிடும். 8 ஜிபியை 4096 பதிவுகளில் சமாளிக்க வேண்டிய இடத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். முகவரி மொழிபெயர்ப்புகளை நினைவில் வைக்கும், செயலியின் சிறிய அட்டவணையான டிஎல்பி அதற்கு எந்த மூலைக்கும் போதாது. வெளியே தெரிந்த அறிகுறி ஒன்றுதான்: ஞாயிறு வேலை திங்கள் காலை வரை இழுக்கிறது. ரீபூட் செய்தால் சரியாகிறது. அதனால் அவ்வப்போது ரீபூட் என்று ஒரு வழக்கம் வந்து, அதுவே நிரந்தரமாகிவிட்டது.

எனக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. ரீபூட்டில் சரியாகும் பிரச்சினை என்றால் உள்ளே ஏதோ சேர்ந்துகொண்டே போகிறது என்று பொருள். என்ன சேர்கிறது, எங்கே சேர்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

காலி இருக்கிறது, இடம் இல்லை

நான்காவது ஞாயிறு, 613 என்ற எண்ணைப் பார்த்த கையோடு காலி நினைவகம் எந்தெந்த அளவுத் துண்டுகளாக இருக்கிறது என்று காட்டும் பட்டிஇன்ஃபோ கோப்பைத் திறந்தோம். அந்தக் கோப்பைப் படிக்க, கர்னல் நினைவகத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

அடிப்படை அலகு 4 கேபி பக்கம். பக்கங்களை இரண்டின் அடுக்குகளாகக் கட்டி வைத்திருக்கும். ஆர்டர் 0 என்றால் ஒரு பக்கம், ஆர்டர் 1 என்றால் இரண்டு, இப்படி ஆர்டர் 10 வரை; அது 1024 பக்கம், 4 எம்பி. சிறியது கேட்டால் பெரியதை இரண்டாக உடைக்கும், தேவைப்பட்டால் பாதியை மறுபடி உடைக்கும். திரும்பி வரும்போது தன் ஜோடியும் காலியா என்று பார்த்து, காலி என்றால் இரண்டையும் ஒட்டும். ஒட்டியது தன் ஜோடியைப் பார்க்கும். இந்த ஜோடி முறையை கென்னத் நோல்டன் 1965-இல் வெளியிட்டார். அடிப்படை யோசனை இன்றைக்கும் லினக்ஸில் அதேதான்.

ஜோடி முறையின் வேகமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஜோடி என்பது முகவரியிலேயே நிர்ணயமானது. பக்கத்தில் வேறு எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், தன் ஜோடி காலியாகாமல் ஒரு துண்டு வளராது. 2 எம்பி என்பது 512 பக்கம். அதில் 511 திரும்பி வந்து ஒன்று வராமல் நின்றால், அந்த 2 எம்பி கிடையாது.

அன்று கோப்பில் இருந்தது இது: ஆர்டர் 0-இல் ஏறத்தாழ 4 லட்சம் துண்டு, ஆர்டர் 1-இல் 2 லட்சம், ஆர்டர் 2-இல் 60 ஆயிரம், ஆர்டர் 3-இல் 2 ஆயிரம். அதற்கு மேல் சுழி, சுழி, சுழி. கூட்டிப் பார்த்தால் 10 லட்சத்து 56 ஆயிரம் பக்கம், 4 ஜிபிக்குச் சற்றே மேல். இவ்வளவும் காலி. ஆனால் 2 எம்பி துண்டு ஒன்றுகூட இல்லை.

துண்டுபடலை அளக்க கர்னலே இரண்டு எண் தருகிறது. ஒன்று, இருக்கும் காலியிடத்தில் எத்தனை பங்கு இந்த ஆர்டருக்குப் பயன்படாது என்று சொல்லும். ஆர்டர் 9-க்கு அது 1.000 காட்டியது: முழுக்கவே பயன்படாது. இன்னொன்று, ஒதுக்கீடு தோற்றால் காரணம் எது என்று சொல்லும். 0 பக்கம் சாய்ந்தால் நினைவகமே பற்றவில்லை. 1 பக்கம் சாய்ந்தால் இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது. அது 0.997. இதைவிடத் தெளிவாக ஒரு கர்னலால் சொல்ல முடியாது.

முதலில் செய்த தவறுகள்

சிதறிக் கிடக்கிறது என்றால் சேர்த்து வைக்க வேண்டியதுதானே என்று தோன்றும். எங்களுக்கும் அதுதான் தோன்றியது. அதற்கு கம்பாக்‌ஷன் இருக்கிறது. லினக்ஸில் 2010-இல், 2.6.35 பதிப்பில் வந்தது. ஒரு ஸ்கேனர் நினைவகத்தின் அடியிலிருந்து மேலே வந்து, நகர்த்தக்கூடிய பக்கங்களைப் பொறுக்கும். இன்னொன்று உச்சியிலிருந்து கீழே வந்து காலியிடம் தேடும். கீழே இருப்பதை மேலே மாற்றி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிறுத்தும். கீழ்ப்பகுதி ஒழுங்காகக் காலியாகிவிடும், கொள்கையளவில்.

மணிக்கு ஒருமுறை கம்பாக்‌ஷனைத் தூண்டும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) போட்டோம். முதல் வாரம் நல்ல பலன். இரண்டாம் வாரம் குறைந்தது. மூன்றாம் வாரம், கர்னலின் நினைவகக் கணக்குகள் இருக்கும் விஎம்ஸ்டாட் கோப்பில் கம்பாக்‌ஷன் தோல்விக் கணக்கு ஏறிக்கொண்டிருந்ததே தவிர, ஹியூஜ் பேஜ் ஏறவில்லை. செயலி நேரம் மட்டும் போனது.

அப்புறம் கேஷை காலி செய்து பார்த்தோம். பக்க கேஷ் (படித்த கோப்புகளின் நகல்), டென்ட்ரி (கோப்புப் பெயர்ப் பதிவு), ஐநோடு (கோப்பு விவரப் பதிவு) எல்லாவற்றையும் விடச் சொன்னோம். காலி நினைவகம் எக்கச்சக்கமாக ஏறியது. 2 எம்பி துண்டு ஓரளவுக்குத்தான் ஏறியது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எக்ஸ்86-64-இல் ஒரு டென்ட்ரி 192 பைட். ஒரு 4 கேபி பக்கத்தில் 21 டென்ட்ரி அடங்கும். இருபதை விடுவித்தாலும், யாரோ திறந்து வைத்திருக்கும் கோப்பின் டென்ட்ரி ஒன்று அதில் இருந்தால் அந்தப் பக்கம் விடுபடாது. பக்கம் விடுபடாவிட்டால் 2 எம்பியும் விடுபடாது. பொருளை விடுவிப்பது வேறு, பக்கத்தை விடுவிப்பது வேறு. கேஷை காலி செய்யும் கட்டளை முதலாவதை மட்டும்தான் உறுதியாகச் செய்கிறது.

பூட் ஆகும்போதே 4096 ஹியூஜ் பேஜ் ஒதுக்கி வைத்துவிடலாமே என்று பலர் கேட்டார்கள். நினைவகம் புதிதாக இருக்கும் நேரம், கட்டாயம் கிடைக்கும். ஆனால் ஞாயிறு சில மணி நேரத் தேவைக்காக மொத்தத்தில் கால் பங்கை வாரம் முழுக்கப் பூட்டி வைக்க வேண்டும். கோப்புச் சேவைக்குக் கேஷ்தான் உயிர். அந்த 8 ஜிபியை அதனிடமிருந்து பிடுங்க யாருக்கும் மனமில்லை.

நகர்வதும் நகராததும்

கம்பாக்‌ஷன் ஏன் சளைத்தது என்று யோசித்தபோதுதான் சரியான கேள்வி கிடைத்தது. எவ்வளவு காலி என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டியது, காலியில்லாத பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று.

பயனர் நிரலின் பக்கத்தை கர்னல் எப்போது வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். உள்ளடக்கத்தைப் புது இடத்தில் நகலெடுத்து, பேஜ் டேபிளில் (எந்த முகவரி எந்தப் பக்கம் என்ற அட்டவணை) ஒரு பதிவைத் திருத்தினால் போதும். நிரல் பயன்படுத்தும் முகவரி மாறவே மாறாது. பக்க கேஷும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் கர்னல் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பக்கம் அப்படி அல்ல. கர்னல் பௌதிக நினைவகம் முழுவதையும் ஒரே நேர்கோட்டில் மேப் செய்து வைத்திருக்கிறது; ஒரு பக்கத்தின் கர்னல் முகவரி என்பது அதன் பௌதிக முகவரியோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டியது. அந்த முகவரியை எத்தனை பாயின்டர்கள் (முகவரியைச் சேமித்து வைத்திருக்கும் மாறிகள்) பிடித்திருக்கின்றன என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பக்கத்தை நகர்த்தினால் அத்தனை பாயின்டரும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் அது விடுவிக்கப்படும் வரை வைத்த இடத்தில் இருக்கும்.

இதை உணர்ந்துதான் கர்னல் நிரலாளர் மெல் கோர்மன் பக்கங்களை நகரும் தன்மைப்படி பிரித்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 2008 ஜனவரியில் வெளியான 2.6.24-இல் அது சேர்ந்தது. நினைவகம் 2 எம்பி பிளாக்குகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு வகை: நகரக்கூடியது, நகராதது, மீட்கக்கூடியது. கோரிக்கை எந்த வகையோ அந்த வகை பிளாக்கில் இடம் கிடைக்கும். நகராதவை எல்லாம் ஓரிடத்தில் கூடிவிட்டால் மற்ற பிளாக்குகளை எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம். கம்பாக்‌ஷனே இந்தப் பிரிப்பை நம்பித்தான் நிற்கிறது. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் நான் தயங்காமல் பிரிப்பைத்தான் சொல்வேன்.

ஆனால் பிரிப்பு ஒரு கட்டாயச் சட்டம் அல்ல. நகராத வகைக்கு உரிய பிளாக்குகளில் இடம் தீர்ந்துவிட்டால் கர்னல் கோரிக்கையை மறுக்காது. நகரக்கூடிய பிளாக்கில் போய் எடுத்துக்கொள்ளும். போகும்போது இருப்பதிலேயே பெரிய காலித் துண்டைத்தான் தேடும். அந்த பிளாக்கில் பாதியாவது காலியாகவோ ஒத்த வகையாகவோ இருந்தால் பிளாக்கின் வகையையே மாற்றிக்கொள்ளும், இனிமேல் வருபவையும் அங்கேயே சேரட்டும் என்று. அது நல்ல ஏற்பாடு. பெரிய துண்டே இல்லாத நெருக்கடி நேரத்தில்தான் கேடு. அப்போது 512-இல் ஒன்றிரண்டு பக்கம் மட்டும் காலியாக இருக்கும் பிளாக்கில் போய் உட்காரும். பிளாக்கின் வகை மாறாது, பெயர்ப்பலகையில் "நகரக்கூடியது" என்றே இருக்கும். உள்ளே நகராத ஒன்று இருக்கும்.

யார் அது

பேஜ்டைப்இன்ஃபோ கோப்பு பிளாக் வகைகளின் எண்ணிக்கையைச் சொல்லும். 32 ஜிபி என்றால் மொத்தம் 16,384 பிளாக். பார்த்தோம், பெரும்பாலானவை நகரக்கூடியவை என்றே காட்டியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெயர்ப்பலகையை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தெரியும்.

உள்ளே பார்க்க பேஜ் ஓனர் வேண்டும். கர்னலை அந்த வசதியோடு கட்டி, பூட் வரியில் இயக்கினால், ஒவ்வொரு பக்கத்தையும் யார் எந்த அழைப்பு அடுக்கில், அதாவது எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்து, எடுத்தார் என்று பதிந்து வைக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதல் இடம் பிடிக்கும், கொஞ்சம் மெதுவாகவும் ஆக்கும்; அதனால் சேவையில் இருந்த மெஷினில் போடவில்லை. அதே அளவுள்ள ஒரு சோதனை மெஷினில் அதே வேலைப்பளுவை ஓட்டி இரண்டு வாரம் காத்திருந்தோம். காத்திருப்பதைக் குறுக்க வழியில்லை. துண்டுபடல் நாட்கணக்கில் விளைவது. ஒரு மணி நேரச் சோதனையில் எதுவும் தெரியாது.

பேஜ் ஓனர் இயங்கும்போது பேஜ்டைப்இன்ஃபோவில் கூடுதலாக ஒரு வரி வரும்: கலப்பு பிளாக்குகளின் எண்ணிக்கை. தன் வகைக்குப் பொருந்தாத பக்கம் ஒன்றாவது உள்ளே இருக்கும் பிளாக்குகள். நகரக்கூடிய வகையில் மட்டும் 9 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பாதிக்கு மேல்.

அந்த எண்ணை மணிக்கு ஒருமுறை எடுத்து வரைந்த கோட்டை இன்னும் மறக்கவில்லை. பகல் முழுக்கக் கிடையாக ஓடும். இரவு 1 மணிக்கு ஒரு படி ஏறும். விடியும், இறங்காது. மறுநாள் இரவு அடுத்த படி. பதினான்கு நாள், பதினான்கு படி.

இரவு 1 மணிக்கு பேக்கப் தொடங்கும். கோப்பு மரம் முழுவதையும் நடந்து படிப்பதால் பக்க கேஷ் பொங்கி, காலி நினைவகம் அடிமட்டக் கோட்டைத் தொட்டு நிற்கும். பெரிய துண்டு எதுவும் மிஞ்சாத நேரம் அது. சரியாக அதே நேரத்தில் கிளையன்ட் மெஷின்கள் தங்கள் ஒத்திசைவுக்காகப் புதுச் செஷன்களைத் திறக்கும். ஒவ்வொரு செஷனுக்கும் யாரோ ஒரு பக்கம் எடுக்கிறார்கள்.

யார் என்பதை பேஜ் ஓனர் சொன்னது. அதன் ஒவ்வொரு பதிவிலும் பக்கத்தின் வகையும் அது இருக்கும் பிளாக்கின் வகையும் ஒரே வரியில் அடுத்தடுத்து இருக்கும். பக்கம் நகராதது, பிளாக் நகரக்கூடியது என்று இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டி, அழைப்பு அடுக்குப்படி எண்ணினோம். பட்டியலின் உச்சியில், அடுத்ததைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில், எங்கள் குழுவே எழுதிய கர்னல் மாட்யூல் (கர்னலோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல்) இருந்தது.

மாட்யூலின் அந்த இடத்தில் பார்த்தால் தப்பாக எதுவும் தெரியாது. செஷன் திறந்தால் ஒரு பக்கம் வாங்கு, மூடினால் திருப்பிக் கொடு. கசிவு இல்லை. அளவும் சிறியது: உச்ச நேரத்தில் 20 ஆயிரம் செஷன், 20 ஆயிரம் பக்கம், மொத்தமே 80 எம்பிக்குள். அந்த 20 ஆயிரம் பக்கத்தை நெருக்கி அடுக்கினால் 40 பிளாக் போதும். அவை 9 ஆயிரம் பிளாக்கில் பரவிக் கிடந்தன. சில செஷன் அன்றே மூடும், சில வாரக்கணக்கில் நிற்கும். 80 எம்பி நினைவகம் 18 ஜிபியை ஹியூஜ் பேஜுக்கு உதவாததாக ஆக்கியிருந்தது. நினைவகப் பயன்பாட்டு அறிக்கை எதிலும் இந்த மாட்யூல் கண்ணில் பட வாய்ப்பே இல்லை. அளவு வரிசையில் அது எங்கோ அடியில் இருந்திருக்கும்.

இதில் இன்னொரு கண்ணியும் சிக்கியது. நிரல்கள் கேட்காமலேயே ஹியூஜ் பேஜ் கொடுக்கும் டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ் வசதியை எங்கள் மெஷின்களில் பூட் வரியிலேயே அணைத்து வைத்திருந்தோம், வேறு காரணத்துக்காக. அந்த வசதி இயங்கும்போது கர்னல் எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவைத் தானாக உயர்த்தும். மூன்று ஜோன் (கர்னல் பிரித்து வைக்கும் நினைவகப் பகுதி) உள்ள மெஷினில் அது 67,584 கேபி. அந்தக் கணக்கு, ஒவ்வொரு வகைக்கும் சில பிளாக்குகள் கையிருப்பில் இருந்தால் ஒரு வகை இன்னொரு வகையின் இடத்துக்குள் நுழைய நேராது என்ற நோக்கத்தில் போடப்பட்டது. அணைத்ததால் எங்கள் மெஷின் பழைய வாய்பாட்டின்படி 23 ஆயிரம் கேபி அளவிலேயே நின்றிருந்தது. ஹியூஜ் பேஜுக்குத் தொடர்பில்லாதது என்று நினைத்து அணைத்த ஒன்று, ஹியூஜ் பேஜைக் காக்கும் வேலியையும் சேர்த்து எடுத்துவிட்டது.

மாட்யூலில் செய்த மாற்றம்

யோசனை எளியது. பக்கம் நகராது, சரி, அதை மாற்ற முடியாது. எங்கே உட்கார்வது என்பதை மட்டும் நாமே முடிவு செய்யலாம்.

மாட்யூல் ஏறும்போதே, அதாவது பூட் முடிந்து நினைவகம் இன்னும் புதிதாக இருக்கும்போதே, ஆர்டர் 9 அளவில் 40 துண்டு வாங்கிக்கொள்கிறோம். இவற்றைப் பாளம் என்று எங்களுக்குள் அழைத்தோம். முழு பிளாக்காக வாங்குவதால் அந்த பிளாக்கின் வகையே நகராததாக மாறிவிடும். வேறு யாருடைய இடமும் கெடாது. ஒவ்வொரு பாளத்திலும் 512 பக்கம். எது காலி, எது நிரம்பியது என்பதற்கு 512 பிட், அதாவது 64 பைட். எக்ஸ்86-இல் ஒரு கேஷ் லைன் அளவு. முதல் காலி பிட்டைத் தேடிக் கொடுப்பது, மூடும்போது பிட்டை அழிப்பது. அவ்வளவுதான். 40-உம் தீர்ந்துவிட்டால் இன்னொரு முழுப் பாளம் கேட்கும், அடம்பிடிக்காமல். கிடைக்காவிட்டால் ஆர்டர் 3-க்கு இறங்கும். தனிப் பக்கம் என்பது கடைசிப் புகலிடம்.

முதல் பதிப்பில் ஒரு பிழை செய்தோம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கடைசியாக எந்தப் பாளத்தில் பக்கம் விடுபட்டதோ அதிலிருந்தே அடுத்ததைக் கொடுத்தோம், கேஷ் சூடாக இருக்கும் என்ற எண்ணத்தில். ஒரு வாரத்தில் பாளங்கள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகின, எல்லாமே பாதியோ காலோ நிரம்பியவை. வெளியே இருந்த துண்டுபடலை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். பிறகு பாளங்களை நிரம்பிய அளவுப்படி நான்கு பட்டியலாகப் பிரித்து, அதிகம் நிரம்பியதிலிருந்து முதலில் கொடுக்கும்படி மாற்றினோம். அப்போது ஓரளவே நிரம்பிய பாளத்துக்குப் புது ஆள் வருவதில்லை; இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய் அது தானாகக் காலியாகிறது, முழு 2 எம்பியாக கர்னலுக்குத் திரும்புகிறது. எண்ணிக்கை நாற்பதுகளின் தொடக்கத்திலேயே நின்றது. சிறு பொருள்களுக்கு இடம் பங்கிடும், கர்னலின் ஸ்லப் அலோகேட்டர் தன் பகுதி நிரம்பிய பட்டியலைச் சுருக்கும்போது நிரம்பியவற்றை முன்னே கொண்டுவந்து அடுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரண்டு மாற்று வழிகளையும் எடைபோட்டோம். ஒன்று, பக்கங்களை நகரக்கூடியவையாகவே ஆக்குவது. 2016-இல் வந்த 4.8 முதல் கர்னல் மாட்யூலும் தன் பக்கங்களை நகர்த்தத் தெரிந்தவையாகப் பதிவு செய்யலாம். அழுத்திச் சுருக்கிய பக்கங்களைச் சேமிக்கும் இசட்எஸ்மல்லாக் அப்படிச் செய்கிறது. ஆனால் அதற்கு அந்தப் பக்கத்தைத் தொடும் ஒவ்வொரு பாயின்டரும் ஒரு கைப்பிடி வழியாகப் போக வேண்டும். எங்கள் நிரலில் நேரடிப் பாயின்டர்கள் ஏராளம். அதைத் திருத்தி எழுதும் ஆபத்து இந்தப் பலனுக்கு அதிகம் என்று விட்டோம். இரண்டாவது, பூட் வரியில் கர்னலுக்கான எல்லையைக் குறித்து, மிச்சத்தை நகரக்கூடியவற்றுக்கு மட்டுமான ஜோன் ஆக்குவது. அங்கே நகராதது நுழையவே முடியாது, அதனால் உத்தரவாதம் வலுவானது. ஆனால் எல்லை தவறிப் போனால், அந்தப் பக்கம் ஜிபிக்கணக்கில் காலி இருக்கும்போதே இந்தப் பக்கம் கர்னல் நினைவகமின்றித் திணறும். எங்கள் வேலைப்பளு இரவும் பகலும் வேறு வேறு முகம் காட்டுவதால் எல்லையை எங்கே வைப்பது என்று துணிந்து சொல்ல முடியவில்லை.

மாட்யூலில் இன்னொரு சின்ன மாற்றமும் செய்தோம். செஷன் குறியீட்டு அட்டவணை ஒன்று 64 கேபி தொடர் நினைவகம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை எந்த வன்பொருளும் நேரடியாகப் படிப்பதில்லை, தொடராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. 2017-இல் 4.12-இல் வந்த கேவிமல்லாக் என்ற ஒதுக்கீட்டு ஃபங்ஷனுக்கு மாற்றினோம். தொடராகக் கிடைத்தால் எடுக்கும், இல்லையென்றால் தனித்தனிப் பக்கங்களை மேப் செய்து தொடர்போல் காட்டும். ஒரே வரி மாற்றம்.

பலனும் மிச்சமும்

பாளங்களோடு குறைந்தபட்சக் காலி அளவையும் 128 எம்பிக்கு உயர்த்தினோம். காலி அளவு கூடினால் பேக்கப் நேரத்தில், நினைவகத்தை மீட்கும் பின்னணி நிரலான கேஸ்வாப்டி சீக்கிரம் எழுகிறது, கம்பாக்‌ஷனுக்கும் கையாள இடம் கிடைக்கிறது. விலை, அந்த 128 எம்பி எப்போதும் சும்மா இருப்பது. 32 ஜிபியில் அது பெரிதல்ல.

நான்கு வாரம் கழித்து 4096 கேட்டோம். 3,700 சொச்சம் கிடைத்தது. இரவுப் படிக்கட்டு மறைந்து, மெல்லிய சரிவு மட்டும் மிஞ்சியிருந்தது. மறுபடி பேஜ் ஓனரைப் பார்த்தால் எங்கள் மாட்யூல் பட்டியலில் இல்லை. இருந்தவை பேஜ் டேபிள்களும் ஐநோடுகளும். அவை கர்னலின் சொந்தப் பக்கங்கள். நாம் பாளம் கட்டிக் கொடுக்க முடியாது.

அந்த மிச்சத்துக்குக் கர்னல் 5.10-க்கு மாறினோம். இரண்டு காரணம். 2019-இல் வந்த 5.0 முதல், ஒரு வகை இன்னொரு வகையின் பிளாக்கில் நுழைய நேர்ந்த அந்த நொடியிலேயே கர்னல் காலி அளவுக்கான கோட்டைத் தற்காலிகமாக உயர்த்தி, கேஸ்வாப்டியை எழுப்பிவிடும். ஒரு நுழைவு நடந்துவிட்டது, அடுத்தது நடக்காமல் தடுக்கப் பார்க்கும். எங்கள் இரவு 1 மணி நெருக்கடிக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. பழைய கர்னலில் இது இருந்திருந்தால் எங்கள் படிக்கட்டே இவ்வளவு செங்குத்தாக இருந்திருக்காது. இரண்டாவது, 2020-இல் 5.9-இல் வந்த முன்கூட்டிய கம்பாக்‌ஷன். யாரும் கேட்காத நேரத்திலேயே, அரை நொடிக்கு ஒருமுறை துண்டுபடல் மதிப்பைப் பார்த்து, எல்லை தாண்டியிருந்தால் பின்னணியில் சேர்க்கத் தொடங்கும். அதன் முனைப்புக்கு 0 முதல் 100 வரை ஓர் எண் உண்டு, இயல்பில் 20. ஆர்வத்தில் 80 வைத்துப் பார்த்தோம்; பேக்கப் நேரத்தில் பக்கங்கள் ஓயாமல் இடம் மாறி, கோப்புச் சேவையின் பதில் நேரம் தள்ளாடியது. திரும்ப 20.

ஆறு வாரம் ரீபூட் இல்லாமல் ஓடிய மெஷினில் ஞாயிறு காலை 4096 கேட்டோம். 4096 என்று திரும்பப் படித்தோம். கிரானில் போட்டிருந்த மணிக்கொரு கம்பாக்‌ஷனை அன்றே எடுத்துவிட்டோம்.

ஸ்கிரிப்ட் இப்போது எழுதிய எண்ணைத் திரும்பப் படிக்கிறது. குறைந்தால், நிரலைத் தொடங்கும் முன் பட்டிஇன்ஃபோவையும் பேஜ்டைப்இன்ஃபோவையும் சேமித்து வைத்துவிட்டுத் தகவல் அனுப்புகிறது. மாட்யூலின் மற்ற பகுதிகளையும் தேடியதில், தனிப் பக்கமாக வாங்கும் இடங்கள் இன்னும் மூன்று கிடைத்தன. இரண்டு, ஒரு கோரிக்கைக்குள் வாங்கி அதே கோரிக்கைக்குள் விடுபவை, அவற்றைத் தொடவில்லை. மூன்றாவது பிழைத் தடப் பதிவுக்கானது. கிளையன்ட் இணைப்பு அறுந்தால் வாங்குகிறது, மெஷினை நிறுத்தும் வரை வைத்துக்கொள்கிறது. அடுத்த வெளியீட்டில் அதுவும் பாளத்துக்குப் போகிறது.